ஹீட்டர் ஆறினால் எஞ்சின் ஆறியதாகாது

ஐயா,

இன்று காலை கெலிஓயாவில் என் கராஜுக்கு ஒரு வேன் வந்தது. முன்கதவைத் திறந்ததும் உங்கள் வாசனை அடித்தது. நீங்கள் பூசிக்கொண்டு வருவீர்களே, அந்த சென்ட் இல்லை. துருவேறிய சுடுதண்ணீரில் ஊறிப்போன கால்விரிப்பின் வாசனை. உங்களை நினைக்க எனக்கு இதைவிடப் பொருத்தமான வாசனை கிடையாது.

ஓட்டி வந்தவர் ஒரு பேங்க் பையன், கழுத்தில் டை. "மழைக்குக் கண்ணாடி மூடிச்சுன்னு ஹீட்டரப் போட்டேன் அங்கிள், சூடே வரல. சூடு காட்டுற ஊசி வேற மேல ஏறிச்சு. பேராதனை தாண்டினதும் தானா இறங்கிருச்சு. இப்ப சரியாயிருச்சு தானே?" என்றான்.

தானாக இறங்கிவிட்டதாம். இந்தப் பேச்சை நான் முதன்முதலில் கேட்டது உங்கள் வாயில்தான். அவனுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடலே.

கண்டியில் பெரிய கந்தோரில் பெரிய உத்தியோகம் உங்களுக்கு. நான் நாவலப்பிட்டித் தோட்டத்து லயத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு நின்றவன். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் தோட்டத்துத் துரை விற்றுவிட்டுப் போன ஹீட்டர் வைத்த கார் உங்களிடம் இருந்தது. அதை நான்கு வருடம் நான் ஓட்டினேன். காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்துக்கு பிரவுன் பேப்பரில் உறை போட்டு வைத்திருந்தீர்கள். முன்சீட்டில் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "விளங்கிச்சோ ஐசே?" என்று உங்கள் ஊர்ப் பேச்சில் என்னைக் கேட்பீர்கள். நானும் தலையாட்டுவேன். அந்தப் புத்தகத்தை நீங்கள் இருபது முறையாவது படித்திருப்பீர்கள். எஞ்சின் மேலிருக்கும் பானட்டை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. அது முன்பக்கம் திறக்குமா பின்பக்கம் திறக்குமா என்று கேட்டிருந்தால் புத்தகத்தைத்தான் தேடியிருப்பீர்கள்.

எனக்கென்று ஒரு தகரக் கோப்பை உங்கள் குசினிக்கு வெளியே, ஜன்னல் கம்பியில் தொங்கும். வீட்டுக்குள் பன்னிரண்டு கோப்பை அலுமாரியில் இருந்தன. துடைக்கும்போதெல்லாம் எண்ணியிருக்கிறேன்.

தமிழ் ஆட்களைத் தேடி அடித்த கலவரம் கண்டிக்கு வந்த அன்று அந்த அலுமாரியைப் பூட்டக்கூட உங்களுக்கு நேரமில்லை. டவுனில் புகை எழும்புவது வீட்டு வாசலிலிருந்தே தெரிந்தது. மாலை நாலு மணிக்கு ஊரடங்கு என்று ரேடியோ சொன்னது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் உங்கள் மனைவி, நான் அம்மா என்று கூப்பிடுகிறவர், அவரின் தங்கை வீடு இருந்தது. நாலு மணிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். அம்மாவுக்கு இழுப்பு வியாதி. மலைக் குளிர் நெஞ்சில் ஏறினால் மூச்சு முட்டும். பின்சீட்டில் குளிர் தெரியக்கூடாது என்று ஹீட்டரை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டுதான் கிளம்பினோம்.

கிளம்பும்போது எனக்கு ஒரு கட்டளை போட்டீர்கள். "எங்கையும் நிப்பாட்டக் கூடாது. பானட்டைத் திறந்தால் ஆக்கள் கூடுவினம். கூடினால் கதை கேப்பினம். விளங்கிச்சோ?"

அது மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது. உங்கள் சிங்களம் சந்தையில் வெண்டிக்காய் வாங்கவும் போதாது. நீங்கள் வாயைத் திறந்தால் மூன்று பேரும் முடிந்தோம்.

கம்பளை தாண்டி, புசல்லாவை தாண்டி, இறம்பொடை வளைவுகளில் ஏறும்போது முன்கண்ணாடி மூடத் தொடங்கியது. நான் கையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மூடியது.

"மலைப் பனி ஐசே. மெல்ல ஓட்டும்."

பனியாம். என் விரல் நனைந்தது கண்ணாடியின் உள்பக்கத்தில். முகர்ந்தால் துரு நாற்றம். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா பின்னாலிருந்து, "இஞ்சை, என்ரை கால் எல்லாம் நனையுது" என்றார்.

"காலடியிலை வைச்ச பிளாஸ்க் ஒழுகுது போலை. மூடியை இறுக்கும்" என்றீர்கள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.

அதற்குள் சூட்டு ஊசி சிவப்பைத் தொட்டுவிட்டது. உங்கள் முகமும் அதே நிறத்துக்கு வந்தது. அடுத்த வளைவில் ஊசி திடீரென்று கீழே விழுந்தது. நீங்கள் சிரித்தீர்கள். அந்த நாளில் உங்கள் ஒரே சிரிப்பு.

"பாத்தீரோ? இறங்கிட்டுது. எஞ்சின் ஆறிட்டுது."

நான் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஹீட்டர் வாயில் புறங்கையை வைத்தேன். சற்று முன்புவரை சுட்டுக்கொண்டிருந்த காற்று, பச்சைத் தண்ணீர் போல ஜில்லென்று வந்தது.

"ஐயா, எஞ்சின் ஆறலீங்க. தண்ணி தீர்ந்து போச்சு. ஹீட்டருக்கு வர்றதும் அதே தண்ணிதானுங்க. எஞ்சின் கொதிக்கிறப்ப ஹீட்டர் ஜில்லுன்னா, உள்ள தண்ணி ஓடலேன்னு அர்த்தம். ஊசிக்கு சூடு சொல்ற முனையும் தண்ணிலதான் முங்கியிருக்கணும். இப்ப வெறும் ஆவில நிக்குது, அதுக்கு என்னா தெரியும்?"

"உமக்கு என்ன தெரியும்? புத்தகத்திலை ஊசிதான் கணக்கு. ஓட்டும்."

"இன்னும் ரெண்டு வளைவு போனா எஞ்சின் புடிச்சு நின்னுரும்ங்க. அப்புறம் நடந்துதான் போகணும். அம்மாவால நடக்க முடியுங்களா?"

காரை ஓரம் கட்டினேன். நீங்கள் சொன்ன சொல் இப்போதும் என் காதில் இருக்கிறது. "தோட்டக்காட்டான். சொன்னாக் கேக்க மாட்டான்." அதை இங்கிலீஷ் புத்தகத்தில் படித்திருக்க மாட்டீர்கள். சொந்தப் படிப்பு.

பானட்டைத் திறந்தேன். ரேடியேட்டரில் புகை. உடனே ரோட்டோரத்து நீரோடையில் தண்ணீர் மொண்டு வந்து, "ஊத்தும், ஊத்தும்" என்று நின்றீர்கள், கையில் அம்மாவின் சாப்பாட்டுக் கேரியர். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடித்துவிடும். நாலு மணிக்குள் போக வேண்டிய மனிதரை அரைமணி நேரம் கேரியரோடு நிற்க வைத்தேன். நிற்க வைத்ததில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை என்று எழுதினால் பொய்.

அப்போதுதான் மேலேயிருந்து மரக்கறி லொறி ஒன்று இறங்கி வந்து நின்றது. சிங்கள டிரைவர், என் வயதுதான் இருக்கும். என்ன ஆனது என்று கேட்டான். சிங்களத்தில் சொன்னேன். கூட நிற்கிற மாத்தயா, அதாவது ஐயா, யார் என்று கேட்டான். நீங்கள் வாயைத் திறக்கப் போனீர்கள். நான் முந்திக்கொண்டு, மாத்தயா பிறவியிலேயே ஊமை என்றேன்.

உங்கள் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

கம்பளைப் பக்கம் கடைகள் எரிகின்றனவாம், திரும்பிக் கீழே போகவேண்டாம் என்றான். லொறியிலிருந்து ஒரு கேன் தண்ணீரும் ஒரு துண்டுக் கம்பியும் தந்தான். ஒழுகியது காருக்குள்ளே இருந்த ஹீட்டர் பெட்டிதான், அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை. அதற்குப் போகிற ஹோஸ், திரும்பி வருகிற ஹோஸ் இரண்டையும் கழற்றி, ஒன்றை வளைத்து எஞ்சினுக்கே திருப்பி மாட்டிக் கம்பியால் முறுக்கினேன். இனி தண்ணீர் ஹீட்டர் பக்கம் போகாது. எஞ்சின் தப்பும். சூடு வராது.

அம்மாவுக்கு என்ன செய்வது என்று உங்களைப் பார்த்தேன். ஊமைக்கு அது மட்டும் புரிந்தது. கந்தோருக்குப் போடும் கம்பளிக் கோட்டைக் கழற்றி அம்மாவுக்குப் போர்த்தினீர்கள். அதை ஹேங்கரில் மாட்டக்கூட என் கையில் தந்ததில்லை.

தண்ணீர் நிரப்பி எஞ்சினை முடுக்கியதும் லொறிக்காரன் வந்து உங்கள் பக்கத்து ஜன்னலில் குனிந்தான். "சரி, ஊமை ஐயா, சீக்கிரமா போங்க" என்றான். சுத்தத் தமிழில்.

நீங்கள் ஊமையில்லை, தமிழர் என்று அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். போர்த்திய கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த அம்மா மட்டும் அவனைப் பார்த்துக் கும்பிட்டார்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தங்கை வீட்டு வாசலில் நிறுத்தினேன். அதுவரை நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு வருடத்தில் உங்களோடு நிம்மதியாகக் கார் ஓட்டியது அந்த ஒரு மணி நேரம்தான். வாசலிலாவது ஒன்று சொல்வீர்கள் என்று சாவியை நீட்டிக்கொண்டு நின்றேன். சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனீர்கள். அன்றைக்கு எனக்கு வீட்டுக்குள்ளிருந்து பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. கொண்டுவந்தது அம்மா. அனுப்பியது யார் என்று நான் கேட்கவில்லை. இந்த வயதிலும் உங்களுக்கு அந்தப் புண்ணியத்தை எழுதிவைக்க எனக்கு மனசில்லை.

பிறகு நீங்கள் கனடா போனீர்கள். போன மாதம் அம்மா அங்கிருந்து போன் எடுத்து, நீங்கள் இந்த உலகத்தை விட்டே போய்விட்டதாகச் சொன்னார். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "கடைசி வரைக்கும் ஆரின்ரை காரிலை ஏறினாலும் அவர் முதல் வேலையா ஹீட்டரிலைதான் கை வைச்சுப் பாப்பார், தம்பி" என்றார். புறங்கையா உள்ளங்கையா என்று கேட்டேன். "புறங்கை" என்றார்.

முப்பது வருடம் கழித்துப் பாடம் ஏறியிருக்கிறது. அதையும் ஹீட்டர் கெடாத ஊரில் போய்ச் செய்து காட்டியிருக்கிறீர்கள். இதற்கு நான் சிரிக்காமல் என்ன செய்ய? போனை வைத்த பிறகு கராஜ் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன், அது வேறு கதை.

இனி பேங்க் பையனுக்குச் சொன்ன பதில். இன்று காலை அவன் வேனில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்றிருந்தது. கால்விரிப்பைத் தூக்கிக் காட்டினேன். "அப்ப ஊசி இறங்கினது?" என்று மறுபடியும் கேட்டான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உமக்கு என்ன தெரியும் ஐசே?" என்றேன்.

கராஜில் வேலை செய்கிறவர்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். தோட்டத்து வாயில் ஐசே வந்ததை அவர்கள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அதே மூக்குப் பேச்சு, அதே இழுவை, அப்படியே நீங்கள்.

பையனின் முகம் எப்படிப் போனது என்று பார்த்தேன். எனக்கு அந்த முகம் தெரியும், ஐயா. நான்கு வருடம் நான் வைத்திருந்த முகம். உள்ளே போய் ஒரு பீங்கான் கோப்பையை எடுத்துக் கழுவி, அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன்.