எலிக்கு ஒரு பிடி

2024 ஜூலை 8, திங்கள்

இருபது கூண்டு வைத்தோம். ஒரு எலிகூட இல்லை. மூன்றாவது வாரமாக இதே கதை. எலி வழியாகப் பரவும் ஒரு வைரஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய இந்த லைன் வீடுகளில் இருக்கிறதா என்று பார்க்க, பெங்களூரு ஆய்வகம் என்னை நான் பிறந்த ஊருக்கே அனுப்பியிருக்கிறது. உடன் வேலை செய்யும் பிரதாப், எங்கள் ஊர் எலிகள் படித்தவை என்று கேலி செய்கிறான். எரிச்சல்தான் வருகிறது.

ஜூலை 11

காரணம் தெரிந்துவிட்டது. வயிறு நிறைந்த எலி கருவாட்டுக்கு ஏன் கூண்டுக்குள் வரப்போகிறது? ரிட்டயரான சுரங்கக்காரர்கள் சாயங்காலமானால் கொல்லையில் ஒரு பிடி சோறு வைக்கிறார்கள். அதில் முதல் ஆள் என் அப்பா.

சுரங்கத்துக்குள் பாறை தானாக வெடித்துச் சரியுமுன் எலிகள் ஓடும். அதைப் பார்த்து இவர்களும் ஓடிப் பிழைத்தார்கள். அந்த நன்றி. அப்பாவின் தூக்குவாளியில் எலிக்கென்று அம்மா ஒரு உருண்டை தனியாக வைப்பாள். ஷிப்டு சங்கு ஊதுவதற்குள் தூக்கோடு நான் சுரங்க வாசலுக்கு ஓடவேண்டும். புளிச்சோற்று வாசனை, பின்னால் அம்மாவின் அதட்டல்... அந்தக் காலை இனி எங்கே வரப்போகிறது!

சோறு வைக்காதீங்கப்பா என்றேன்.

"அதுங்க இல்லன்னா நீ பொறந்தே இருக்க மாட்டே. இன்னா பேசற?"

ஜூலை 19

காய்ந்த எலி மூத்திரம் தூசியோடு மூச்சில் போனால் வைரஸ் தொற்றும் என்று அப்பாவிடம் சொன்னேன். முப்பது வருஷம் தூசியைத்தானே தின்றேன் என்று சிரித்தார். ஆனால் கையை நீட்டினார். முதல் ரத்த மாதிரி அப்பாவுடையது.

ஜூலை 30

அப்பா ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறது. புதிதாக வந்ததல்ல, எப்போதோ வந்துபோன தொற்று. பெரிய காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்டேன். தொண்ணூற்றேழு, ஈஸ்டர் சமயம் என்றார். மலேரியா என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அவர் எழுந்தார், அம்மா படுத்தாள். எனக்குப் பன்னிரண்டு வயது. முகம் வீங்கியது, மூத்திரம் நின்றது. ஐந்தாம் நாள் போய்விட்டாள். கிட்னி என்றார்கள்.

வைரஸைவிட, அதை விரட்ட உடம்பு போடும் சண்டைதான் ஆளைக் கொல்கிறது. அதில் ரத்தக்குழாய்கள் கசியும், சிறுநீரகம் நின்றுபோகும். எத்தனை முறை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்! ஒருமுறைகூட அம்மா முகம் நினைவுக்கு வரலையே, ஏன்? அப்போதும் அப்பா வைத்த சோற்றுக்கு எலி வந்துபோன கொல்லை மூலையை தினமும் அவதானே பெருக்கினா —

ஆகஸ்ட் 2

சோதித்துப் பார்க்க அம்மாவின் ரத்தம் எங்கும் இல்லை. நிரூபிக்க வழியில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சர்ச் ஹாலில் ரத்தப் பரிசோதனை முகாம். ஒருவரும் கை நீட்டவில்லை. சுரங்கத்தில் அப்பாவோடு ஒரே ஆழத்து லெவலில் வேலை செய்த துரை மாமா, உயிரைக் காப்பாற்றிய எலியைக் கொல்லவா ரத்தம் கேட்கிறாய் என்று என்னைச் சத்தம் போட்டார்.

அப்பா எழுந்தார். காய்ச்சல் எப்போது என்று நான் கேட்டதே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

"என்னை அதுங்க காப்பாத்திச்சி, துரை. எம் பொஞ்சாதி அமலாவ நான் வச்ச சோறு கொன்னுச்சி. எம் பொண்ணு எங்கிட்ட சொல்லல, நானா புரிஞ்சிக்கினேன். கைய நீட்டு."

அப்படியெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாதுப்பா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஊசியைப் பிரித்தேன். துரை மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நரம்பு கிடைக்கக் கொஞ்சம் நேரமானது.