கடைசி ரீலுக்கு முன்னால்

ஜாலான் பேராக், பினாங்கு
17.2.1985

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை தவமணி எழுதிக்கொள்வது. நானும் ஐயாவும் நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வர மூன்று மாதம் ஆகிறது. ஊரெல்லாம் கேட்டபோது கையெழுத்துப் போட்ட கைக்குத் தங்கைக்கு நாலு வரி எழுத வலிக்கிறதாக்கும்.

ஒரு செய்தி. போன மாதம் வீடியோ டெக் வாங்கினேன். ஐயாவுக்கு எண்பத்தெட்டு வயது. காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்துவிடுகிறார். நான் அக்கரையில் உள்ள பிறையில் பாடம் நடத்தி முடித்து ஃபெர்ரி பிடித்து வரும்வரை பக்கத்து வீட்டு நூர் பீவிதான் துணை. இருவருக்கும் பொழுது போகட்டும் என்று வாங்கியது. அவள் சீனி முகம்மது கடையிலிருந்து முதன்முதலில் எடுத்து வந்த கேசட் எது தெரியுமா? நீ ரயில் நிலையத்தில் செத்துப்போகிற படம். அவளுக்கு மேகலாதேவியைத் தெரியும். அந்த மேகலாதேவி என் அக்கா என்று தெரியாது.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 1952இல் முடிவெட்டும் கடையில் கிடந்த சினிமாப் பத்திரிகையின் அட்டையில் உன் முகத்தைக் கண்டுவிட்டுப் பாதிச் சவரத்தோடு வீட்டுக்கு வந்தவர் அல்லவா? பாட்டுப் படிக்க மெட்ராசுக்கு அனுப்பிய மகள் கூத்தாடியாகிவிட்டாள் என்று, உயிரோடு இருந்த உனக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் காரியம் செய்து கடலில் முழுகிவிட்டு வந்தவர் அல்லவா? அன்று அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அம்மாதான் அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இப்போது அவர் திட்டவில்லை. “ஆர் இந்தப் பிள்ளை?” என்றார். நடிகை என்றேன். “நல்ல உச்சரிப்பு” என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்குத் தேத்தண்ணியும் அந்தக் கேசட்டும் வேண்டும். வேறு படம் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

கடைசி ரீலுக்கு முன்னால் நான் நிறுத்திவிடுகிறேன். அவர் கண்முன்னே நீ சாக வேண்டாம் என்று எனக்கு ஒரு இது. “பிறகு என்ன நடந்தது?” என்று தினமும் கேட்கிறார். “அவ வீட்டுக்குப் போயிட்டா ஐயா” என்று தினமும் சொல்கிறேன். “நல்லது” என்று தேத்தண்ணியைக் குடித்து முடிக்கிறார்.

இதற்காவது உடனே பதில் போடு.

உன் தங்கை,
தவமணி

கோடம்பாக்கம், சென்னை
4.3.1985

அன்புத் தங்கை தவமணிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். சமையற்காரி ஜெயலெட்சுமி, ஊரில் யாருக்காவது ஏதாவதா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, என் அப்பா என் படம் பார்க்கிறார் என்றேன். இதற்கா அழுகிறீர்கள் என்று போய்விட்டாள். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

நீ நிறுத்துவது நல்லதுதான். முப்பத்தொரு படத்தில் கதாநாயகியாக நடித்தேன், இருபத்திரண்டில் செத்தேன். காசநோயில் ஆறு, விஷத்தில் ஐந்து, கதாநாயகனுக்கு வந்த குண்டைக் குறுக்கே பாய்ந்து வாங்கியது நாலு. மீதி தீயும் வெள்ளமும். கதையை எப்படி முடிப்பது என்று தெரியாவிட்டால் டைரக்டர் என் பக்கம் திரும்புவார். மேகலா செத்தால் படம் நூறு நாள் என்று ஒரு ராசி பேசினார்கள். அப்புறம் அண்ணியானேன், அம்மாவானேன். என்னை டூயட் பாடித் துரத்தியவரே பத்து வருடம் கழித்து என் காலில் விழுந்து அம்மா என்று கதறினார். நானும் தலையைத் தடவி ஆசீர்வாதம் செய்தேன். சம்பளம் வாங்கினால் செய்யத்தானே வேண்டும்.

கவனித்தாயா, எந்தப் போஸ்டரிலும் என் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்துக் கிடையாது. ‘அப்புத்துரை என்ற என் பெயரில் ஓர் எழுத்தையும் நீ தொடக்கூடாது’ என்று ஐயா எழுதிய ஒரே கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் கேட்டால் சிரித்து மழுப்புவேன்.

1964இல் கலை இரவுக்குப் பினாங்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? அம்மா போய் மூன்று வருடம். டாக்சியை நிறுத்திவிட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா வாசலுக்கு வந்து, “செத்தவள் செத்தவள்தான். இந்த வீட்டில உனக்கு ஒரு பிடி சோறு கிடையாது” என்று கதவைச் சாத்தினார். அன்றிரவு மேடையில் எனக்கு மூன்று மாலை விழுந்தது. அதற்கப்புறம் அழுகிற காட்சிக்கு நான் கிளிசரின் கேட்டதில்லை.

அவர் போவதற்குள் ஒரு தரம், ஒரே ஒரு தரம், என்னை ஞானம் என்று கூப்பிட்டால் போதும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். ஆனால் நான் யாரென்று சொல்லிவிடாதே. தெரிந்தால் அந்த டி.வி. பெட்டியையும் சாத்திவிடுவார்.

அன்புடன்,
மேகலாதேவி
(உனக்கு மட்டும் அக்கா)

ஜாலான் பேராக், பினாங்கு
12.4.1985

அக்கா,

ஃபோன் ஐயாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேச முடியாது. அதனால் எக்ஸ்பிரஸ் தபாலில் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் ஃபெர்ரி தாமதம். தீவுக்குப் பாலம் திறக்கப்போகிறார்கள் என்றதிலிருந்து ஃபெர்ரியை யாரும் கவனிப்பதில்லை. நாலு மணிக்கு ஐயா கேசட் கேட்டிருக்கிறார். நூர் பீவி போட்டிருக்கிறாள், நிறுத்தவில்லை. “கிளைமாக்ஸ் பாக்காம எப்படிக்கா? தினமும் நீங்க அடைச்சிடுறீங்க, எனக்கு மனசே கேக்கல லா” என்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் வந்தபோது ஐயா குளியலறையில் வேட்டி சட்டையோடு நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “என்ன ஐயா” என்றேன். “ஞானம் செத்துப்போனாள். துடக்கு. நீயும் முழுகு” என்றார்.

அக்கா, அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்கிறது. வேறு படம் வேண்டாம் என்றது அதனால்தான்.

அது சினிமா, அக்கா நன்றாக இருக்கிறாள் என்று பத்துத் தரம் சொன்னேன். “நான் கண்ணால பாத்தனான். என்னைப் பேய்க்காட்டாதே” என்று தேம்பித் தேம்பி அழுகிறார். அம்மாவுக்குக்கூட அப்படி அழவில்லை. நடுவில் ஒரு கோபம் வேறு: “சுகமில்லாத பிள்ளை பெஞ்சில கிடக்குது, ஸ்டேஷன் மாஸ்டர் எங்க போனவன்?” முப்பது வருடம் ரயில்வே கந்தோரில் தலைமைக் கிராணியாக உட்கார்ந்து கணக்கெழுதியவர் அல்லவா, அதுவும் பொறுக்கவில்லை.

ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார். நாளை மறுநாள் வருடப் பிறப்பு, வீட்டில் பலகாரம் கிடையாது. யார் சொன்னார்களோ, தாசேக் கெலுகோரிலிருந்து நாகநாதன் மச்சான் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். உண்மையைச் சொன்னதும் பாவம், ஐயாவுக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது வாய் தவறிப் “போயிட்டு வாறன்” என்றுவிட்டார். ஐயாவுக்கு வந்ததே கோபம். “செத்த வீட்டில ஆரும் அப்படிச் சொல்லுவினமோ? அந்தியேட்டிச் சோறு திண்டவனும் சொல்லாமல்தான் எழும்பிப் போகவேணும்” என்றார். நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகிறது, முறை மட்டும் மறக்கவில்லை.

மே பத்தாம் தேதி முப்பத்தோராம் நாள். அதற்குள் நீ வா. வந்து அவர் முன்னால் உயிரோடு நில்.

தவமணி

சென்னை
20.4.1985

அன்புத் தவமணிக்கு,

நான் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

முதல் தரம் எனக்குக் காரியம் செய்தபோது எனக்கு இருபது வயது. அன்று அவர் அழவில்லை. இப்போது எனக்காக அழுகிறார் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் எத்தனை தரம் படித்தேன் என்று கணக்கில்லை. நான் வந்து ‘ஐயா, நான் சாகவில்லை’ என்று நின்றால் என்ன நடக்கும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கதவைச் சாத்துவார். செத்த ஞானத்துக்கு அந்த வீட்டு ஹாலில் பாய் விரித்திருக்கிறது. உயிரோடு இருப்பவளுக்குக் கேட்டுக்கு வெளியேதான் இடம். இருபத்தொரு வருடத்துக்கு முன் நின்ற இடத்தில் இன்னொரு தரம் நிற்க என் காலுக்குத் தெம்பில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

அக்கா

ஜாலான் பேராக், பினாங்கு
27.4.1985

அக்காவுக்கு,

உன் பயத்தைப் படித்தேன். இனி என் பக்கத்தையும் கேள்.

முப்பத்து மூன்று வருடம் உங்கள் இருவருக்கும் நடுவில் தபால் பெட்டியாக நின்றிருக்கிறேன். அக்கா சினிமாக்காரி என்று என்னைப் பெண் கேட்டு வந்த இரண்டு வீட்டார் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்காக உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதுண்டா? உன் படம் வந்தபோதெல்லாம் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் இருந்து பார்த்திருக்கிறேன். எத்தனை சாவுக்கு அழுதிருப்பேன். எனக்கும் உடம்பு ஒன்றுதான்.

கதவைச் சாத்தினால் சாத்தட்டும். திறக்க நான் உள்ளே இருக்கிறேன். பத்தாம் தேதி உனக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பேன்.

தவமணி

சென்னை
19.5.1985

அன்புத் தவமணிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ அடுக்களையில் இருந்தபோது ஹாலில் என்ன நடந்தது என்று அன்று கேட்டாய். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலும் கேட்டாய். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பேசாமல் வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

விமானத்தில் வரும்போதே வசனம் தயார் செய்துவைத்திருந்தேன். ‘ஐயா, நான்தான் ஞானம். சாகவில்லை. என்னைப் பாருங்கள்.’ பாயில் அவருக்கு எதிரே உட்கார்ந்ததும், “நீர் ஆர் பிள்ளை?” என்று கேட்டார். அவர் தினமும் பார்த்த ஞானத்துக்கு இருபத்தைந்து வயது, இடுப்பும் இருந்தது. கண்ணாடி போட்ட இந்தக் குண்டு மனுஷியை எப்படித் தெரியும்? வசனம் மறந்துபோனது. என் தொழிலில் எனக்கு நடக்காத ஒன்று. “ஞானத்தைத் தெரிஞ்சவள், ஐயா” என்றேன்.

பாயின் ஓரத்தை நீவிவிட்டார். பிறகு, “கடைசி நேரத்தில கஷ்டப்பட்டவளோ?” என்றார். இல்லை என்றேன். “பொய் சொல்லாதேயும். நான் பாத்தனான். தலைமாட்டில சொந்தம் எண்டு ஒருத்தரும் இல்லை. பெஞ்சில தனியக் கிடந்தவள். நான் போயிருக்கவேணும், பிள்ளை. என்ர பிழை. நான் போய் ஞானத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கவேணும்” என்றார்.

என் பெயரை அவர் சொல்லிக் கேட்க முப்பத்து மூன்று வருடம் காத்திருந்தேன் அல்லவா? என் முகத்துக்கு நேரே சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. நான் சாகவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் அந்த வாக்கியத்தை முடித்திருக்க மாட்டார். அதனால் வாயை மூடிக்கொண்டு நடித்தேன். காமெரா இல்லை, கைதட்டல் இல்லை, எனக்கு எதிரே அழுகிறவர் நடிகரும் இல்லை. அதைப் போலக் கஷ்டமான காட்சி எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

அப்புறம் நீ இலை போட்டாய். அவர் உன்னிடமிருந்து அகப்பையை வாங்கியது உனக்குத் தெரியும். என் இலைக்கு முன் குனிந்து, “இன்னும் ஒரு பிடி சாப்பிடும், பிள்ளை. வெறும் வயித்தோட இந்த வீட்டை விட்டு ஒருத்தரும் போகக்கூடாது” என்றதும் உனக்குக் கேட்டிருக்கும். நான் ஏன் அப்படித் தலை நிமிராமல் சாப்பிட்டேன் என்று இப்போது புரிகிறதா? மூன்று தரம் வைத்தார். மூன்றையும் தின்றேன்.

உனக்குத் தெரியாதது கடைசியில் நடந்தது. நீ கை கழுவப் போயிருந்தாய். முறைப்படி நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, படி இறங்கி, கேட்டைத் திறந்தேன். அதே கேட். பின்னால் ஐயாவின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை, பள்ளிக்கூடம் போகும்போது சொல்வாரே, அந்தக் குரல்.

“போயிட்டு வா.”

நாகநாதன் மச்சானைக் கடித்துக் குதறியவர் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடி அவர் கையில் இருந்தது, முகத்தில் இல்லை. என்னைத் தெரிந்து சொன்னாரா, முறையை மறந்து சொன்னாரா, எனக்குத் தெரியாது. நீ கேட்டுச் சொல்லவும் வேண்டாம்.

நூர் பீவிக்கு நான் கையெழுத்துப் போட்ட படம் ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். அவளை ஒன்றும் சொல்லாதே. கேசட்டைத் திரும்பக் கொண்டுவரச் சொல். நாலு மணிக்குப் போடு, வழக்கமான இடத்தில் நிறுத்து. பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் அதே பதிலைச் சொல்.

ஜூலையில் ஆடிப் பிறப்புக்கு வருகிறேன். கூழுக்கு இங்கிருந்து பனங்கட்டி கொண்டுவருவேன், நீ கொழுக்கட்டைக்கு மாவு இடித்துவை. வா என்று சொன்ன பிறகு வராமல் இருந்தால் ஐயா கோபிப்பார்.

அன்புடன்,
அப்புத்துரை ஞானாம்பிகை