தெரு எட்டடி, தேர் ஆறரையடி

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையில் தூறல். மலைப்பக்கம் ஒரே வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் கோயிலில் கொடியேற்றம். பாதிக் கம்பத்தில் கயிறு சிக்கி மாதா கொடி நின்றுவிட்டது. எல்லாரும் "மரியே வாழ்க" என்று கத்தினோம். ஏறிவிட்டது. (கயிற்றை யாரோ உதறினார்கள். என் சிநேகிதி லில்லி அதை ஒப்புக்கொள்ளவில்லை.)

முக்கியமான விஷயம் அதற்குப் பிறகு. வேப்ப மரத்தடியில் பங்குப் பேரவைக் கூட்டம். பாடகர் குழுவில் இருக்கும் நாங்கள் பாய் சுருட்டுவதுபோல் நின்று கேட்டோம். ஜூனில் வந்த புதுச் சாமியார் கேட்டார்: "தேர் ஏன் கிழக்குத் தெருவுக்குப் போறதில்ல?"

கிழக்குத் தெரு எங்கள் தெரு. பதில் சொன்னது மிக்கேல் ஐயா. பெரிய தெருக்காரர். தேருக்கு முட்டுக்கட்டை போடுவதும், நில் என்றால் நிறுத்துவதும் அவர் குடும்பம்தான்.

"தெரு குறுகல், சாமி."

அப்பா எழுந்தார். "கரும்பு லாரி வருதுங்க சாமி எங்க தெருவுல. லோடோட."

சிரிப்பு. மிக்கேல் ஐயா சிரிக்கவில்லை. சாமியார், "அளந்து பாத்துடுவோம். பூந்தா போகட்டும், இல்லன்னா இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பத்தாவதுதானே நீ? கணக்கு வருமா?"

வரும் என்றேன். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

எழுதி வைக்கிறேன்: வடம் இழுக்க நாங்கள் வேண்டும். ஆனால் தேர் எங்கள் தெரு முக்கில் திரும்பிவிடும். பொரியையும் மிளகையும் முறத்தில் எடுத்துக்கொண்டு முக்கு வரை போய் நின்று இறைத்துவிட்டு வருவோம். எதனால் என்று எல்லாருக்கும் தெரியும். வாயால் சொல்லும்போது மட்டும் "குறுகல்". அம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து முக்கில்தான் இறைக்கிறாள்.

ஆகஸ்ட் 30, சனி

வெயில். நல்லது, நிழல் வேண்டும்.

லில்லி டேப்பின் ஒரு முனை, நான் மறுமுனை. அளவுகள்:

— தேர், அச்சோடு சேர்த்து அகலம்: ஆறரை அடி.
— தெருவின் மிகக் குறுகலான இடம் (அந்தோணியம்மா அக்கா வீட்டுத் துணி துவைக்கும் கல்): எட்டடி இரண்டங்குலம்.
— தேர் உயரம், கொட்டகையில் வைத்து, உச்சிச் சிலுவை வரை: பதின்மூன்று அடி.
— தெரு முக்கில் மின்கம்பி: தொடக் கூடாது. கம்பத்தின் நிழல், என் நிழல், என் உயரம், வடிவொத்த முக்கோணம். தொய்வுக்கு ஓர் அடி கழித்தும் பதினைந்து அடி.
— தெருவின் மறுகோடி: களத்து மேடு. அப்படியே கோயிலுக்கு வந்துவிடலாம்.

கொட்டகையில் அளக்கும்போது மிக்கேல் ஐயா பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை இல்லை.

அந்தோணியம்மா அக்கா: "இன்னாடி, என் கல்லுக்கு வேட்டு வெக்கிறியா?"

"வேணாம்கா, ஒன்றரை அடி பாக்கி இருக்கு."

"இருந்தாலும் பேத்துடறேன். மாதா வரசொல்ல சோப்புத் தண்ணிலயா நிப்பா?"

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பூசைக்குப் பிறகு நோட்டைச் சாமியாரிடம் காட்டினேன். இரண்டு முறை சரிபார்த்தார். அப்புறம் அறிவிப்பு: இந்த வருடம் தேர் கிழக்குத் தெருவுக்கும் போகும். கரண்டை நிறுத்த வேண்டியிருப்பதால் பகலிலேயே, நான்கு மணிக்கு.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கைதட்டிவிட்டார்கள். கோயிலுக்குள்! பெரிய தெருப் பக்கம் சத்தமில்லை. பிறகு இரண்டு பேர் தட்டினார்கள். இரண்டு பேர்தான், ஆனால் எண்ணினேன்.

பீடத்துக்குக் கீழே இந்தக் கோயிலைக் கட்டிய பிரெஞ்சுச் சாமியார் கல்லறை. கல்லில் உள்ள லத்தீன் வரிகளை முன்பே எழுதி வைத்திருக்கிறேன், பொருள் தெரியாது. இன்று அங்கே கொஞ்ச நேரம் முழங்காலில். நோட்டில் தப்பு இருக்கக் கூடாதென்று வேண்டிக்கொண்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

காலாண்டுத் தேர்வு வருகிறது. அறிவியல் இரண்டு பாடம் பாக்கி. தெருவில் யாருக்கும் அந்தக் கவலை இல்லை.

துவைக்கும் கல் போயாச்சு. எல்லா வாசலுக்கும் சுண்ணாம்பு. அப்பா கரும்பு வெட்டு முடிந்து வந்து, ரோட்டுக் குழிகளுக்குக் கப்பி கொட்டிக் குத்துகிறார். வேலைக்கு வெளியூர் போனவர்கள் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். அம்மா பொரி எவ்வளவு வாங்குவதென்று நான்கு தடவை கேட்டுவிட்டாள்.

பெரிய தெருவில் ஒருவர் கடையில் சொன்னது (நான் உப்பு வாங்கிக்கொண்டிருந்தேன்): "அந்தப் பொண்ணு டேப்பு வெச்சி இழுத்தா தேரு போய்டுமா? பாக்கத்தான போறோம்."

ராத்திரி மறுபடி கணக்குப் போட்டேன். பதினைந்தில் பதின்மூன்று போனால் இரண்டு. எத்தனை தடவை போட்டாலும் இரண்டு.

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்றைய கதையை இப்போதுதான் எழுதுகிறேன். வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

திருவிழாப் பூசையில் முதல் வாசகம் நான். ஒரு இடத்தில்தான் தடுக்கியது. வெளியே வந்தால் தேர். சங்கராபுரத்து ஜோடனைக்காரர்கள் காலையிலிருந்து துணி கட்டி மறைத்து வேலை செய்தது. துணியை எடுத்தார்கள். ஆ! சாமந்தி, மல்லி, மரிக்கொழுந்து, மேலே வெள்ளையில் ஒரு பெரிய பூக்குடை.

மேலே பூக்குடை.

வருடா வருடம் வைப்பதுதான், நான் அளந்தது வெறுந்தேர். சிலுவைக்கு மேல் மூன்றடி நிற்கிறது இந்தக் குடை. லில்லி கையைப் பிடித்தேன். "எவ்ளோ இருக்கும்?" என்றாள். "பதினாறு." "கம்பி?" "பதினைந்து." சாமியாரிடம் ஓடுவதற்குள் வடம் இறுகிவிட்டது, மேளமும் மணியும் ஒன்றாக. என் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

பெரிய தெரு. கடைத்தெரு. அங்கெல்லாம் கம்பி உயரத்தில். எங்கள் முக்கு. முன் சக்கரம் இரண்டும் எங்கள் கப்பி ரோட்டில் ஏறின, கூச்சல் வானத்தைத் தொட்டது, குடை கம்பியில் போய் நின்றது. (கரண்ட் இல்லை, நல்ல வேளை.)

மேளம் நின்றது. அம்மா வாசலில் முறத்தோடு. எங்கள் வீடு முக்கிலிருந்து இரண்டாவது. நாற்பது அடி இருக்கும்.

"அளந்தாங்களாம்!" யாரோ. "இழுங்கடா பின்னால, வழக்கம்போலத் திருப்பிக்கலாம்."

அப்போதுதான் மிக்கேல் ஐயா கத்தினார். அவ்வளவு பெரிய குரல் அவருக்கு இருப்பது எனக்குத் தெரியாது.

"எவன்டா அவன், பின்னால இழுன்றவன்? எங்கப்பன் காலத்துலருந்து இந்தத் தேரு ஒரு அடி பின்னால போனதில்ல. நான் உசுரோட இருக்கசொல்ல போவாது. கொண்டாடா அருவாள!"

அறுபத்தெட்டு வயது. சக்கரத்தில் கால் வைத்து, தூணைப் பிடித்து, மேலே ஏறிவிட்டார்.

ஜோடனைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு: "ஐயா, ஐயா, குடைங்க! மூணு நாள் வேலைங்க, ஊர்லயே கட்டிக் கொண்டாந்தது!"

"மாதாவுக்கு இன்னா வெயிலா அடிக்குது, குடை புடிக்க?"

நாலு வெட்டு. குடை அப்படியே எங்கள் தெரு ஆட்கள் கைமேல் சரிந்தது. பூ, பூ, எங்கும் பூ. அந்தோணியம்மா அக்கா தலையில் மட்டும் ஒரு கூடைப் பூ. மேலிருந்தே ஐயா கையை முன்னால் வீசினார்: "ஏலேய், இழு!"

வந்துவிட்டது. வந்துவிட்டது! எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தினார்கள். அம்மா முறத்தைத் தூக்கினாள், இறைக்க மறந்து அப்படியே நின்றாள். "எறைம்மா!" என்று நான் கத்தியதும் முறத்தோடு கொட்டிவிட்டாள். பாதிப் பொரி மிக்கேல் ஐயா தலையில். அப்பா சிரித்துச் சிரித்து வடத்தை விட்டுவிட்டார், திட்டு வாங்கினார்.

அது நேற்று. இன்று பள்ளிக்குப் போகவில்லை. தெருவெல்லாம் பொரி, கோழிகளுக்குத் திருவிழா. யாரும் பெருக்க மாட்டேன் என்கிறார்கள்.

பத்து மணிக்கு மிக்கேல் ஐயா வந்தார். தோளில் ஒரு நீள மூங்கில்.

"நேத்து கரண்ட் இல்லாதப்பவே கம்பிக்கி வெச்சி வெட்டிட்டேன். ஒரு மொழம் கம்மியாவே வெட்டிருக்கேன். அடுத்த வருசம் ஜோடனைக்காரன் வந்தா மொதல்ல இத்தக் காட்டு, பாப்பா. இதுக்கு மேல ஒரு பூவு இருக்கக் கூடாது."

"குடைய நான் அளக்கலைங்க ஐயா."

"நானுந்தான் சொல்லல. நீ அளக்கசொல்ல பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன்."

மறந்தாரா, வேண்டுமென்றே சொல்லவில்லையா? கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூங்கிலை எங்கள் கூரையடியில் செருகினார். "இங்கியே இருக்கட்டும். முக்குக்குக் கிட்ட."

அப்பா தயங்கித் தயங்கி, "டீ குடிக்கிறீங்களாய்யா?" என்றார்.

"குடுத்தா குடிக்கிறேன்." நாற்காலிக்குக் காத்திருக்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் பால் இல்லை. அம்மா உள்ளேயிருந்து சைகை காட்டுகிறாள். ஓட வேண்டும்.