கலங்காத தண்ணீர்

மார்ச் 3

இதனால் எனக்கு நானே அறிவித்துக்கொள்வது என்னவென்றால்: இன்று காலை எங்கள் வீட்டு ஆமை குளித்தது. தரையில் திரியும் ஆமை. நீந்தத் தெரியாத ஆமை. அதற்குத் தினமும் வெதுவெதுப்பான நீராட்டு. எனக்கு மட்டும் பச்சைத் தண்ணீர்.

சொந்தக்காரி அக்கா. அவள் அதைத் "தங்கம்" என்பாள். நான் "மேனேஜர்" என்பேன். வேலை எதுவும் செய்யாது. சாப்பாடு வரும்போது மட்டும் கழுத்தை நீட்டும்.

நாளை அக்கா வேலைப் பயிற்சிக்கு வெளியூர் போகிறாள். ஒரு மாதம். மேனேஜரின் குளியல் என் தலையில். பிளாஸ்டிக் தொட்டியை வைத்துப் பாடமே எடுத்தாள்.

"தண்ணி தாடை வரைக்கும்தான். மூக்குக்கு மேல போகக்கூடாது. அரை மணி நேரம் ஊறட்டும்."

"ஊறப்போட்டு? துவைச்சுக் காயப்போடவா?"

"உன் வாயைத்தான்டா ஊறப்போடணும். அவன் நல்லா தண்ணி குடிக்கிறதே அப்பதான். தினம் போட்டோ அனுப்பு."

தினம் போட்டோ. என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மார்ச் 5

போட்டோதானே வேண்டும்? ஒரே மதியத்தில் ஒரு மாதத்துக்கான மொத்தத் தயாரிப்பும் முடிந்தது. மேனேஜரை இறக்கு, படம் எடு, என் சட்டையை மாற்று, தொட்டியைத் திருப்பு, மறுபடி எடு. ஒன்றிரண்டில் அம்மாவின் செருப்பும் ஓரமாகத் தெரியும்படி வைத்தேன். இயல்பாக இருக்க வேண்டுமே. மேனேஜர் நனைந்தாரே தவிர ஊறவில்லை.

இவருடைய பாட்டன் பூட்டனுக்குப் பாலைவனத்தில் யார் வெந்நீர் போட்டார்கள்? ஆமையில் புதுவகை கண்டுபிடித்திருக்கிறேன்: குளிக்காமை.

மார்ச் 9

அக்கா இதயம் அனுப்பினாள். பாவம், பட்டதாரி.

மார்ச் 16

"தொட்டி காஞ்சு கிடக்கு?" என்றாள் அம்மா.

"வெயில்ல கவுத்து வெச்சேன்மா, கிருமி சாகட்டும்னு."

"பரவால்ல, உனக்கும் பொறுப்பு வந்துடுச்சு."

மாட்டினாலும் கலங்காதவன் நான். மாட்டாமலே இருப்பதால் அதை நிரூபிக்க வாய்ப்பில்லை.

மார்ச் 25

மேனேஜர் கீரையைத் தொடவில்லை. உண்ணாவிரதமாம். யாரை மிரட்டுகிறார்?

மார்ச் 27

இன்றும் தொடவில்லை. கண் உள்ளே போயிருக்கிறது. வால் பக்கம் சுண்ணாம்பு குழைத்ததுபோல ஏதோ. தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்றது. இது சாதாரணம்தானே? யாரைக் கேட்பது? அக்காவைக் கேட்டால்—

அவளே அழைத்தாள்.

"படத்தையெல்லாம் வரிசையா பார்த்தேன். தண்ணி ஏன்டா இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"சுத்தமா இருந்தா தப்பா?"

"தொட்டில உட்கார்ந்தா கொஞ்ச நேரத்துல ஆய் போயிடுவான். ஒரு நாள் தவறினதில்ல. உன் படம் ஒண்ணுல கூட தண்ணி கலங்கல."

சட்டை மாற்றினேன். செருப்பு வைத்தேன். ஆய் ஞாபகம் வரவில்லை. என்ன மூளைடா உனக்கு.

"குளிப்பாட்டினியா இல்லியா?"

"இல்ல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சாப்பிடுறானா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 28

விலங்கு மருத்துவமனை. நாய் பூனைகளுக்கு நடுவே, மடியில் ஷூ டப்பாவோடு நான். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"உடம்புல தண்ணியே இல்ல. மூத்திரப் பையில உப்பு கெட்டிப்படுது, இன்னும் கல்லாகல. காலையும் சாயங்காலமும் ஊற வை. இளகி வெளிய வந்தா நல்லது. வரலேன்னா ஓட்டை அறுக்கணும்."

எந்த ஓட்டை என்று கேட்க வாயெடுத்தேன். ஓடு. மேனேஜரின் ஓடு. வேறு நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

"பாலைவனத்துல எப்படி டாக்டர்..." சும்மா இருந்திருக்கலாம்.

"அங்க குழி தோண்டி ஈரத்துல படுத்துக்கும். உங்க வீட்டு டைல்ஸைத் தோண்டச் சொல்றியா?"

வரும் வழியெல்லாம் ஷூ டப்பாவை அம்மாவே தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 29

ஊறினார். ஒன்றும் வரவில்லை.

மார்ச் 31

ஒன்றும் வரவில்லை. தண்ணீர் பளிங்குபோல இருக்கிறது. உலகத்திலேயே கேவலமான பொருள் சுத்தமான தண்ணீர்.

ஏப்ரல் 2

பல் துலக்காமல் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் தலையைத் தாழ்த்தி, மூக்கு முங்கக் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. வால் பக்கம் வெள்ளையாக ஒரு மேகம். கட்டி கட்டியாக. அதன் பின்னாலேயே பச்சையாக, நாற்றத்தோடு, மற்றதும்.

அம்மாவைத் தூக்கத்திலிருந்து இழுத்துவந்து காட்டினேன்.

"இதைப் பார்க்கவாடா எழுப்பினே?" என்றாள். ஆனால் குனிந்து பார்த்தாள். என் தலையில் லேசாகத் தட்டினாள்.

அக்காவுக்குப் படம் அனுப்பினேன். சட்டை மாற்றவில்லை. கீழே "தண்ணி கலங்கிடுச்சு" என்று எழுதினேன்.

"தங்கம்டா நீ. படம் ஏன் இப்படி ஆடியிருக்கு?"

மேனேஜர் நகர்ந்துவிட்டார் என்று பதில் போட்டேன்.

அவராவது, நகர்வதாவது. கலங்கியது தண்ணீர் மட்டும் இல்லை.