மேல் ஆணியில் என் பேர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் சுகந்தானே? உன் முழங்கால் வலி குறைஞ்சுதா? எனக்கு ஒரு குறையுமில்ல, வேளாவேளைக்குச் சாப்பிடறேன்.

எங்க பல்கலைக்கழக டென்னிஸ் கிளப்ல, ஆடறவங்க பேரை மரத்துண்டுல எழுதி, திறமைப்படி மேலேர்ந்து கீழ ஆணியில மாட்டியிருக்கு. கிளப் தொடங்கின காலத்து வழக்கம், தோத்தவன்தான் ஜெயிச்சவன் பேரைத் தன் கையால மேல மாட்டணும். என் ரூம்காரனுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான். வந்த கொஞ்ச நாள்லயே எனக்கு மேல போய்த் தொங்கினான். பார்க்கப் பார்க்க வயிறு எரிஞ்சுது.

நேத்து அவனைத் தோக்கடிச்சிட்டேம்மா! மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு என் பேரை மேல மாட்டினான். எனக்கு மனசு குளுகுளுன்னு ஆச்சு. அந்த நேரம் பார்த்து அவங்கம்மா வந்தாங்க. அவன் வேர்வையைத் துடைச்சுவிட்டு, "பரவால்லடா, வா சாப்பிடலாம்"னு தோள்ல கைபோட்டுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மேல் ஆணியைப் பார்த்துக்கிட்டு நான் மட்டும் நின்னேன். மறுபடியும் வயிறு எரிய ஆரம்பிச்சிடுச்சு.

என் பழைய பச்சைத் துண்டை அனுப்பிவை. இங்க வாங்கினது வேர்வையை உறிஞ்சவே மாட்டேங்குது.

ஆட்டத்துக்கு நேரமாச்சு. பதில்ல 'சபாஷ்'னு எல்லாம் எழுதாதேம்மா. 'பரவால்லடா'ன்னு எழுது.

உன் மகன்