நான் இறங்காத ஏரி

என் அன்பிற்குரியவருக்கு,

ஏரி பார்க்க வந்தவர்களின் ஜீப் நீங்கள் வேலை செய்யும் செபா நகருக்குத் திரும்புகிறது. டிரைவர் மசூத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் இதை எழுதியாக வேண்டும். உங்கள் அம்மாவும் அவரிடம் ஏதோ சொல்லியனுப்புகிறார். அதைக் கேட்பதற்கு முன் இதைப் படியுங்கள்.

வந்தவர்கள், நாம் சாப்பாட்டுக்காக ஏரியில் புழு அள்ளுவதைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். நம் பெண்கள் வலையோடு இறங்கினார்கள். நான் கரையிலேயே நின்றேன்.

"என்னடி, மகாராணிக்குக் கம்பளம் விரிக்கணுமோ?" என்றாள் உங்கள் தங்கை மப்ரூக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

"அவள வம்பிழுக்காத. உண்டாயிருக்கிற பொண்ணு, மெதுவா வரட்டும்," என்றார் உங்கள் அம்மா.

தீட்டோடு ஒருத்தி இறங்கினால் ஏரியில் புழு அற்றுப்போகும் என்று நம்மவர்கள் நம்புகிறார்கள். நான் படித்த எந்தப் புத்தகமும் அதை ஒப்புக்கொள்ளாது. பேசாமல் இறங்கியிருந்தால், வயிறு தெரிய வேண்டிய பெருநாள்வரை யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் இத்தனை வீடுகளும் அந்தப் புழுவைத்தான் சாப்பிடுகின்றன.

"இன்னைக்கு நான் இறங்கக் கூடாது மாமி."

உங்கள் அம்மா தண்ணீரிலேயே நின்றுவிட்டார்.

"அப்போ ரெண்டு மாசமா எங்கிட்ட சொன்னது?"

"நானும் அப்படித்தான் நம்பினேன், மாமி."

"அவன் மாமன் மக இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்கா," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவளோடு நிக்காஹ் பேச உங்களை உடனே வரச்சொல்வார். வாருங்கள். என்ன பதில் சொல்வீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

மசூத் ஹாரன் அடிக்கிறார். காலையிலிருந்து எனக்கு வயிறு வலிக்கிறது. இங்கே ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வந்ததும் நீங்களாவது முதலில் அதைக் கேளுங்கள்.

உங்கள் மனைவி