அட்டையில் அபிராமி

3 ஜூன் 75, செவ்வாய்
மழை. துணி ஒன்றும் காயவில்லை. ஹீட்டருக்கு முன்னால் கதிரையில் விரித்திருக்கிறேன். தீப்பிடிக்குமோ என்று போய்ப் போய்ப் பார்க்கிறேன். மகள் அபிராமிக்கு இருமல், இரவு கூடுகிறது.

எட்டுக் கதையும் ஸ்டென்சிலில் எழுதியாயிற்று. சிட்னியில் தமிழ் அச்சகம் எங்கே? ஊசிமுனைப் பேனாவால் மெழுகுத்தாளில் நானே கீறியது. விரல் காய்த்துப்போயிற்று. இவர் வேலையிடத்து ரோனியோ மெஷினில் பிரதிகள் சுற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மிச்சம் அட்டை மட்டும். அதற்கு ஒரு பெயர் வேண்டும். புத்தகத்துக்கு அல்ல, எனக்கு.

5 ஜூன், வியாழன்
சொந்தப் பெயர் முடியாது. சீனிப் போத்தலைப் பூட்டிவைக்கும் மாமியார் கதை இருக்கிறதே. யாழ்ப்பாணத்தில் மாமியிடம் ஒரு பிரதி எப்படியும் போய்ச் சேரும்.

"அம்மா வாசிச்சா என்னைத்தான் கிழிப்பா" என்றார் இவர்.

"கதைதானே" என்றேன்.

"சீனிப் போத்தல் கதையில்லையே, புவனா!"

இருவரும் சிரித்துவிட்டோம்.

பார்த்த பெயர்கள்:
தென்றல் - சவர்க்கார விளம்பரம் போல.
லண்டன் புவனா - ஐந்து வருடம் அங்கே இருந்த உரிமையில். இவர்: "சிட்னியில இருந்துகொண்டோ? கார்னிவல்ல ஆடுறவளின்ர பேர் மாதிரிக் கிடக்கு."
கங்காரு மைந்தன் - இவருடையதுதான், வேறு யாருடையது.

பாஸ்போர்ட்டில் பிரிட்டிஷ்காரி. கிளினிக்கில் அபிராமியின் அம்மா. புவனேஸ்வரி என்று முழுதாகக் கூப்பிட்டது கடைசியாகப் பேராதனையில், பட்டமளிப்பன்று.

6 ஜூன், வெள்ளி
இருமி இருமி என் மடியிலேயே தூங்கிவிட்டாள். அசைய முடியவில்லை. அப்படியே அட்டை ஸ்டென்சிலை எடுத்துக் கீறினேன்: அபிராமி. பொருத்தமாகத்தான் பட்டது.

14 ஜூன், சனி
வெயில், ஆனால் காற்று வெட்டுகிறது. பிள்ளைக்கு இரண்டு ஸ்வெட்டர். மகேஸ் அன்ரி வீட்டில் தமிழ் ஆட்களெல்லாம் கூடினோம். இவர் புத்தகங்களைப் பெட்டியோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

இவருடைய சிநேகிதர் குலம் அண்ணைதான் முதலில் புரட்டினார். ஒரு கதையை நின்றபடியே வாசித்து முடித்தார். பிறகு ஒரே சத்தம்.

"டேய் மச்சான், கள்ளா! எஞ்சினியர் எண்டெல்லோ நினைச்சம். மகளின்ர பேருக்குப் பின்னால ஒளிச்சிருந்து இந்த வேலையோ பார்த்தனி?"

எல்லோரும் கைதட்டினார்கள்.

ஊரில் எத்தனை ஆண்கள் மனைவி பெயரில், மகள் பெயரில் எழுதுகிறார்கள். பத்திரிகையில் பெண் பெயரைக் கண்டால் "ஆர் இந்த மனுசன்?" என்று கேட்கிறவர்கள்தானே நாங்கள். நானே கேட்டிருக்கிறேன். அட்டையில் பெயர் கீறின அன்று எப்படி அது நினைவுக்கு வராமல் போயிற்று?

நான் குசினி வாசலில், கையில் வடைத் தட்டு. இவர் என்னைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான்.

அன்ரி பக்கத்தில் வந்து, "இது உம்மட கையெழுத்தெல்லே பிள்ளை? கண்டவுடனே பிடிச்சிட்டன். அவர் சொல்லச் சொல்ல எழுதினனீரோ? பாவம், கை நொந்திருக்கும்."

"ஓம் அன்ரி, நொந்தது."

ஏன் அப்படிச் சொன்னேன்?

15 ஜூன், ஞாயிறு
இருமல் கொஞ்சம் குறைவு. தேன் கொடுத்தேன்.

காலையில் இவரே தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். கேட்காமலே.

"சொல்லுவம் எண்டுதான் வாயெடுத்தனான். அதுக்குள்ள கைதட்டிப்போட்டினம்."

"தட்டி முடிஞ்சபிறகு சொல்லியிருக்கலாமே."

"நீர்தானே உம்மட பேர் வேண்டாமெண்டனீர்."

உண்மை. தேத்தண்ணியில் சீனி கூட.

கோப்பையை எடுத்துப் போகும்போது இவர்: "அம்மாவுக்கும் ஒண்டு அனுப்புவமே? இப்பப் பயமில்லைத்தானே."

மாமி வாசிப்பா. மகன் எழுதினது என்று அக்கம்பக்கமெல்லாம் காட்டுவா. சீனிப் போத்தலுக்குக் கோபம்கூட வராது.

அதற்குப் பயந்துதான் என் பெயரை விட்டேன்.

17 ஜூன், செவ்வாய்
மறுபடி மழை. அபிராமிக்குச் சாடையான காய்ச்சல். டொக்டரிடம் போகவா, நாளை வரை பார்க்கவா?

அன்ரி ஃபோன். தீபாவளி மலருக்கு இவரிடம் ஒரு கதை வேண்டுமாம்.

"அந்தச் சீனிப் போத்தல் மாதிரி ஒண்டு. பொம்பிளையளின்ர மனசை அவர் எப்பிடித்தான் பிடிச்சாரோ!"

"அன்ரி, அந்தக் கதை நான்..."

"ஓமோம், தெரியும், உம்மட கையெழுத்து நல்ல வடிவு. இந்தமுறையும் நீரே ஸ்டென்சில் வெட்டித் தாரும். அவரிட்டச் சொல்லும் பிள்ளை, மறந்துபோகாதையும்."

வைத்துவிட்டா.

இவரிடம் சொல்லவில்லை. பிள்ளை தூங்கினதும் தாள் எடுத்தேன். கதைக்கு முதல் பெயர். தாளின் தலையில், முழுதாக: புவனேஸ்வரி. எழுதிப் பழக்கமே விட்டுப்போய், வேறு யாரோ எழுதினது போல இருக்கிறது.

கீழே ஒரு வரியும் வரவில்லை.

இருமுகிறாள். கூப்பிடுகிறாள். போகிறே...